வாசலுக்கு வந்த கழிப்பறை

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களே, கீழே நாற்காலி கிடைத்தவர்களே, எங்குமே கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் என் சொந்தங்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் நகரமைப்பு அலுவலர் அம்மாவின் மகளே, எல்லோருக்கும் இந்தக் கொத்தனாரின் வணக்கம்.

ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று பொறியாளர் ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னிடம் வீடு கட்டக் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பத்துப் பேராவது இருப்பீர்கள். என்னுடைய ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். நகராட்சித் தலைவர் அவர்கள், "இந்த நகரத்தின் தாய்" என்றார். வணிகர் சங்கத் தலைவர், "அவர் ஒரு நடமாடும் பூங்கா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை, அம்மாவுக்கும் புரிந்திருக்காது. பொறியாளர் ஐயா, "என் வலது கையை இழந்துவிட்டேன்" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நகரத்தின் தாயை ஆறு வருடம் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பழைய கோப்பு அறையில் உட்கார வைத்தது யார்? பக்கத்து ஊர்க்காரனா வந்து வைத்தான்? வலது கையைக் கழற்றி அந்த அறையில் போட்டுவிட்டு, ஆறு வருடமாக இடது கையாலேயே வேலை பார்த்தவர் யார்?

கைதட்டாதீர்கள். இது இரங்கல் கூட்டம். கைதட்டினால் எனக்கு உற்சாகம் வந்து வேறு எதையாவது உளறிவிடுவேன். இன்று உளறக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவருடைய பதவிப் பெயர் நகரமைப்பு அலுவலர். ஊரில் எல்லோருக்கும் அவர் பிளான் அம்மா. எங்கே பூங்கா வரும், எங்கே குழாய் வரும், பெஞ்சு எந்தப் பக்கம் பார்த்திருக்கும், விளக்குக் கம்பம் எங்கே நிற்கும், இதையெல்லாம் தாளில் கோடாகப் போட்டுக் கொடுப்பவர் அவர். அந்தக் கோட்டைச் சுவராக்குகிறவன் நான். அவர் எப்படிப் படம் போடுவார் என்று மேடையில் யாருமே சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் நேரில் பார்த்துச் சிரித்தவன்.

முதன்முதலில் அவரைப் பார்த்தபோது சந்தைத் தெருவில் ஒரு கடைக்குப் படி கட்டிக்கொண்டிருந்தேன். கையில் காலிப் பாட்டிலோடு ஒரு அம்மா வருகிறார். ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தினுசு. முகம் சிவந்திருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறார், சின்ன நோட்டில் என்னவோ எழுதுகிறார், மறுபடியும் அதே தினுசில் போகிறார். நான் சும்மா இருப்பேனா?

"என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?"

"பஸ் இல்ல மேஸ்திரி. வீட்ல ஒரு லிட்டர் தண்ணி குடிச்சேன். பஸ் ஸ்டாண்டுல எறங்கி இன்னொரு லிட்டர். இப்ப இந்தப் பக்கம் ஒரு பொம்பளை ஒதுங்கறதுக்கு எங்க எடம் இருக்குன்னு தேடறேன். நாப்பது நிமிஷம் ஆச்சு."

"எதுக்கும்மா உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?"

"இதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வந்தார். "நீங்க எங்க போவீங்க?" என்று கேட்டார். "எனக்கென்னம்மா, ஊர்ல பாதிச் சுவரை நான்தான் கட்டியிருக்கேன்" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி, உங்க வீட்டுக்காரம்மா எங்க போவாங்க?" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சந்தைக்குப் போற அன்னிக்கு நான் காலையிலேருந்து தண்ணியே குடிக்கறதில்ல. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். இப்பதான் கேக்கத் தோணிச்சாக்கும்" என்றாள்.

அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடம். பதினெட்டு வருடம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தவனுக்குத் தெரியாத விஷயம், இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெருவில் நடந்த ஒரு அலுவலருக்குத் தெரிந்திருந்தது. நகரமைப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. எனக்குத் தெரிந்த நகரமைப்பு இதுதான்.

அவர் அறைச் சுவரில் ஊர் வரைபடம் ஒன்று தொங்கும். நடந்து நடந்து பார்த்த தெருக்களிலெல்லாம் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருப்பார். ஆஸ்பத்திரித் தெருவில், "இதுவரை பரவாயில்லை." பள்ளிக்கூட முனையில், "இங்கே பல்லைக் கடித்தேன்." சந்தை வளைவில், "இங்கே கடவுளைக் கூப்பிட்டேன், அவரும் இடம் காட்டவில்லை." ஒரு நகராட்சி வரைபடத்தில் இப்படி எழுதலாமா என்று கேட்டேன். "படிச்சா மறக்க மாட்டாங்க மேஸ்திரி" என்றார். மறக்க வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டுமே. யார் படித்தார்கள்?

பூங்கா பெஞ்சுக்குக் கைப்பிடி வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். கைப்பிடி எதற்கு, அது அலங்காரம் என்று பொறியாளர் ஐயா வெட்டிவிட்டார். அம்மா வாதாடவில்லை. "சார், ஒரு நிமிஷம் இதுல உக்காருங்களேன்" என்று கைப்பிடி இல்லாத ஒரு பழைய பெஞ்சில் உட்கார வைத்தார். தாழ்ந்த பெஞ்சு. "இப்ப ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு எழுந்திரிங்க சார்." ஐயா எழுந்திருக்கப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மூன்றாவது தடவை நான்தான் போய்த் தூக்கிவிட்டேன். மறுநாள் எல்லாப் பெஞ்சுக்கும் கைப்பிடி என்று உத்தரவு வந்தது. ஊரில் முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் இன்றைக்கும் அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார்கள். ஐயாவும் மேடையில் கைப்பிடி வைத்த நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதையை நாங்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொன்னோம். ஐயா மட்டும் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இனி பூங்காவுக்கு வருகிறேன். அதற்குத்தானே என்னை மேடை ஏற்றியிருக்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழைய கிடங்கு இருந்த இடம். சுற்றுச் சுவரும் சாலையைப் பார்த்த வாசலும் முன்னாலேயே இருந்தன. அங்கே பூங்கா வர வேண்டும், வாசலை ஒட்டியே பெண்களுக்குக் கழிப்பறை வர வேண்டும் என்று பிளான் அம்மா முதல் படம் போட்டார். வாசலில் ஏன்? அங்கேதான் தெருவிளக்கு. அங்கேதான் ஆள் நடமாட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் யாரிடமும் வழி கேட்காமல் போகலாம், பயப்படாமல் திரும்பி வரலாம்.

படம் நகர்மன்றத்துக்குப் போனது. வணிகர் சங்கத் தலைவருக்கு அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெஞ்சு வேலை பற்றிக் கேட்க வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவைத் தாண்டிக் கேட்டது.

"வாசல்லயே கக்கூஸ் கட்டினா எதிர்ல இருக்கற என் கடைக்கு எவன் வருவான்?"

"பின்னாடி மூலையில கட்டினா பொம்பளைங்க யாரும் அங்க போக மாட்டாங்க சார்" என்றார் அம்மா. "எரநூறு அடி தள்ளி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால, இருட்டு. ஆறு மாசத்துல பூட்டுப் போடுவீங்க. யாரும் வரலை, அதான் பூட்டினோம்னு எழுதுவீங்க."

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் பின் மூலைக்குத்தான் எழுந்தது. இன்று மேடையில் இருக்கும் கைகளைத்தான் சொல்கிறேன். அம்மா அறைக்குப் போய் இரண்டாவது படம் போட்டார். கழிப்பறை பின் மூலையில். மன்றம் சொன்னதை வரைவது அவர் வேலை, வரைந்தார். அதன் நகலை என்னிடம் கொடுத்தார்கள். மகளுக்கு ஆபரேஷன் என்று அம்மா இரண்டு வாரம் விடுப்பில் போனார்.

இப்போது நான் சொல்லப்போவதை மேடையில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கொத்தனார்களே, உங்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு கட்டுவதற்கு நமக்கு ஒரு படம் கொடுப்பார்கள். அதில் தெரு எங்கே இருக்கும்? தாளின் அடியில். எந்த வீட்டுப் படமாக இருந்தாலும் கீழே தெரு, மேலே கொல்லை. இருபது வருடம் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போயிற்று. நகராட்சிப் படம் அப்படி இல்லை. அதில் வடக்குதான் மேலே. பூங்காவுக்குச் சாலை வடக்குப் பக்கம். அதனால் சாலை தாளின் மேலே இருந்தது, கழிப்பறை கீழே இருந்தது. நான் என்ன செய்தேன்? கீழே இருப்பதுதான் தெரு என்று கழிப்பறையைக் கொண்டுபோய்ச் சாலையோரம், வாசலை ஒட்டி அஸ்திவாரம் போட்டேன்.

படத்தில் வாசல் அந்தப் பக்கம் இருக்கிறதே என்று தோன்றவில்லையா? தோன்றியது. பின்னால் புதிதாக இன்னொரு வாசல் வைக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஏழு வருடமாக நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், இன்று துணைக்கு ஆள் கிடைத்தது.

அஸ்திவாரம் போட்டால் பொறியாளர் வந்து அளக்க வேண்டும். அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவர் எழுப்பலாம். நான் மூன்று நாள் காத்திருந்தேன். நாலாவது நாள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, "எல்லாம் எழுதியாச்சு, மேல கட்டுங்க" என்றான். யாரும் வரவில்லை. கயிறு பிடிக்கவில்லை. ஐயா அறையில் உட்கார்ந்தபடியே அளந்துவிட்டார். அவ்வளவு நீளமான கை.

அம்மா விடுப்பு முடிந்து வந்தபோது சுவர் கழுத்தளவு எழும்பியிருந்தது. வாசலில் நின்று பார்த்தார். என் கையிலிருந்த தாளை வாங்கினார். தலைகீழாகத் திருப்பினார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தப்பாப் போச்சும்மா. இடிச்சுடறேன். ரெண்டு நாள்ல பின்னாடி கட்டிடறேன்."

அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். முழுக்கக் குடித்தார். சாலையைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எழுந்து நடந்து வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்றரை நிமிஷம்" என்றார். அப்புறம், "மேஸ்திரி, கூரை போடுங்க" என்றார்.

"யாராவது கேட்டா என்னம்மா சொல்றது?"

"நீங்க படத்தைத் திருப்பிப் பிடிச்சீங்கன்னு சொன்னா இனிமே ஒரு நகராட்சி வேலைக்கும் உங்களக் கூப்பிட மாட்டாங்க. நான் சொல்லிக் கட்டினேன்னு சொல்லுங்க. எனக்கு என்ன பண்ணிடுவாங்க?"

என்ன பண்ணினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். விசாரணை வைத்தார்கள். விதியை மீறினார் என்று தீர்ப்பு எழுதினார்கள். படம் போடும் மேஜையைப் பிடுங்கிக்கொண்டு, சுவரில் தொங்கிய வரைபடத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு, கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்தக் குழாய் எங்கே வர வேண்டும் என்று யாரும் தண்ணீர் குடித்துவிட்டு நடந்து பார்க்கவில்லை. புதிதாக மூன்று பூங்கா திறந்தார்கள். மூன்றிலும் கழிப்பறை பின் மூலையில் இருக்கிறது. மூன்றிலும் பூட்டு தொங்குகிறது. போய்ப் பாருங்கள், ஒன்றின் பூட்டில் சிலந்தி குடும்பம் நடத்துகிறது.

வாசலில் இருப்பதோ? காலை ஐந்து மணிக்குக் காய் கொண்டுவரும் அக்காக்கள் வருகிறார்கள். முதல் பஸ்ஸுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். கடைக்கு எவன் வருவான் என்று கேட்டாரே, அவருடைய கடையில் வேலை பார்க்கும் ஆறு பெண்களும் அங்கேதான் வருகிறார்கள். அவர் கடைக்குள் அவர்களுக்கு இடம் இல்லை. சங்கத் தலைவரே, நீங்கள் தலையாட்ட வேண்டாம், அந்தப் பிள்ளைகளே அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். என் மனைவியும் சந்தை நாளில் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

அந்த ஆறு வருடமும் மாதம் ஒரு தடவையாவது அந்தக் கீழறைக்குப் போவேன். குழல் விளக்கு ஒன்று, அது கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கூரை வரைக்கும் பழைய கோப்பு. நடுவில் அம்மா. நான் போனதும் வம்புக்கு இழுப்பேன். "என்னம்மா, பாதாளத்துக்குப் பிளான் போடறீங்களா?" "ஆமா மேஸ்திரி, பொறியாளர் சாருக்கு எடம் ஒதுக்கிட்டிருக்கேன்" என்பார். இருவரும் சிரிப்போம். பிறகு ஒரே கேள்விதான் கேட்பார். கதவு சரியாகச் சாத்துகிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா? எல்லாம் சரியாக இருக்கிறது என்பேன். முகம் மலரும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நாம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறி வருவேன்.

போன மாதம் காய்ச்சல் என்று படுத்தார். பதினொரு நாளில் போய்விட்டார். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது.

இந்தப் புதன்கிழமை பொறியாளர் ஐயா எனக்குப் போன் செய்தார். அம்மாவின் நினைவாகப் பூங்கா வாசலில் ஒரு வளைவு கட்டப் போகிறோம், பளிங்கில் பெயர் வெட்டப் போகிறோம் என்றார். சற்று முன்னால் நகராட்சித் தலைவர் அவர்களும் அதைத்தான் இந்த மேடையில் அறிவித்தார், நீங்களும் கைதட்டினீர்கள். அவர் சொல்லாமல் விட்ட ஒரு பாதி இருக்கிறது. வளைவுக்கு இடம் வேண்டாமா? கழிப்பறையை இடிக்கப் போகிறார்கள். "விதிமீறிக் கட்டின கட்டடம்தானே மேஸ்திரி. நீங்க கட்டினது, நீங்களே இடிச்சா ஒரு மரியாதையா இருக்கும்" என்றார் ஐயா. திங்கட்கிழமை மன்றத்தில் தீர்மானம். செவ்வாய்க்கிழமை கடப்பாரை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சரி ஐயா என்றேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. வேலை வேலைதானே, வேறு இடத்தில் புதிதாகக் கட்டித் தருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்தவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. நான் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் மகள் கீழே வந்து நிற்கிறாள். கையில் ஒரு தாள்.

"மேஸ்திரி, எங்கம்மா உங்கள மிரட்டினாங்களா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

இறங்கி வந்தேன். அந்தப் பிள்ளை எனக்குப் படித்துக் காட்டியது. விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலம். "நகரமைப்பு அலுவலர் என்னை மிரட்டி, சொன்னபடி கட்டாவிட்டால் வேலையை விட்டே துரத்துவேன் என்று அச்சுறுத்தி, மன்றம் ஒப்புக்கொண்ட படத்துக்கு மாறாகக் கட்ட வைத்தார். பொறியாளர் தடுத்தும் அவர் கேட்கவில்லை." கீழே என் கையெழுத்து. என் கையெழுத்தேதான், அந்தக் கோணல் எழுத்தை ஊரில் வேறு யாராலும் போட முடியாது.

விசாரணை அன்றைக்கு ஐயாவின் அறையில் அந்தத் தாளை என் முன்னால் தள்ளினார்கள். "அந்தம்மா சொல்லித்தான் கட்டினேன்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான். படிச்சுப் பாக்கறீங்களா?" என்று கேட்டார்கள். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். அந்தத் தாளைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். நாலு அதிகாரிகள் பார்க்க, அரை மணி நேரம் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு ஜோக்கும் அடித்துவிட்டு வந்தேன். என்ன ஜோக் என்றுகூட ஞாபகம் இல்லை.

அந்தத் தாளின் நகல் அம்மாவின் அலமாரியில் இருந்திருக்கிறது. ஆறு வருடமாக இருந்திருக்கிறது. அவர் படித்திருக்கிறார். யாரைக் காப்பாற்ற நினைத்தாரோ அவனே தன்னை மிரட்டல்காரி என்று எழுதிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேதான் அந்தக் கீழறையில் என்னை, "வாங்க மேஸ்திரி" என்று கூப்பிட்டிருக்கிறார். என் ஜோக்குகளுக்குச் சிரித்திருக்கிறார். கதவு சாத்துகிறதா என்று கேட்டிருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் அந்த நிமிடமே ஓடிப்போய் அந்தத் தாளைக் கிழித்திருப்பேனே? கிழித்திருப்பேனா? எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ, அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. மூன்று நாளாக இதே நினைப்புதான்.

பொறியாளர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். பார்த்தேன் ஐயா. இன்னும் கொஞ்சம்தான்.

அம்மாவின் மகளே, ஊருக்கு முன்னால் சொல்கிறேன், கேட்டுக்கொள் அம்மா. உன் அம்மா யாரையும் மிரட்டவில்லை. எந்தப் படத்தையும் மாற்றவில்லை. அவர் பார்த்தபோது சுவர் எழும்பிவிட்டது. தப்பு செய்தவன் நான். கூரை போடச் சொன்னது மட்டும்தான் அவர், அதையும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து, நடந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

இதை வெறும் வாயால் சொல்லிவிட்டு இறங்கினால் நாளைக்கே, துக்கத்தில் என்னவோ உளறினான் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நானே எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. எழுத்துப் பிழை இருக்கும், பொய் இருக்காது. படிக்கிறேன்.

"பூங்கா கழிப்பறையை வாசலில் கட்டியது நான். படத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். யாரும் சொல்லிக் கட்டவில்லை. அஸ்திவாரத்தை அளக்க யாரும் வரவில்லை. பொறியாளர் யாரையும் தடுக்கவில்லை, அவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் நான் சொன்னது இல்லை. நான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்."

அவ்வளவுதான். ஆகவே நகராட்சித் தலைவர் அவர்களே, திங்கட்கிழமை தீர்மானத்தில், "அலுவலர் விதிமீறிக் கட்டியது" என்று நீங்கள் எழுத முடியாது. இடித்தே தீர வேண்டும் என்றால், கொத்தனாரின் முட்டாள்தனமும் பொறியாளரின் நீண்ட கையும் சேர்ந்து கட்டியது என்றுதான் எழுத வேண்டும். எழுதுங்கள். அதற்குக் கீழே நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன், அரை மணி நேரம் படித்துப் பார்த்துவிட்டு.

இடிக்கும் வேலையை நான் எடுக்க மாட்டேன். அங்கே சுவரோரம் நிற்கும் கொத்தனார்களும் எடுக்க மாட்டார்கள், நேற்றே பேசிவிட்டோம். திங்கட்கிழமை பத்து மணிக்கு மன்றம் கூடுகிறது. அந்தக் கழிப்பறைக்குள் ஒரு தடவையாவது போய் வந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். அக்கா தங்கைகளே, வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட்டு நான் செய்த காரியத்தைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீர்மானம் தோற்றால் அதோடு நிற்க வேண்டாம். பரண் மேல் சுருட்டிக் கிடக்கும் அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குவோம். எந்தெந்த முனையில் அம்மா பல்லைக் கடித்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்று பூங்காவின் பூட்டையும் அதை வைத்துத்தான் கேட்கப் போகிறோம். அவர் விட்ட இடம் அது, நாம் தொடங்கும் இடமும் அதுதான்.

பளிங்குக் கல்லில் பெயர் வெட்டுவதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் இந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள் தலைவரே. பெற்றுக்கொண்டேன் என்று நகலில் தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்க வேண்டும், அந்தப் பழைய தாளுக்குப் பக்கத்தில்.

பேனா இல்லை என்று சொல்லாதீர்கள், உங்கள் சட்டைப் பையில் இரண்டு இருக்கிறது. அவசரமே இல்லை, நன்றாகப் படித்துப் பாருங்கள். ஒலிபெருக்கியை அணைத்தாலும் பரவாயில்லை, நான் நிற்கிறேன்.